முதலில் பணம், பிறகு கையெழுத்து, கடைசியில் சாவி



மகளின் கல்லூரிக் கட்டணம், அப்பாவின் அறுவைச் சிகிச்சை, முடிக்க வேண்டிய வீட்டுக் கடன் என்று ஏதோ ஒரு தேவைக்காகத்தான் பெரும்பாலான வீடுகளில் காரை விற்கிறார்கள். டீலரிடம் கொடுத்தால் விலை குறைகிறது. நாமே விற்றால் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்று விளம்பரம் போடுகிறார்கள். அந்த எண்ணம் நியாயமானதே. ஆனால், பல ஆண்டுச் சேமிப்பில் வாங்கிய ஒரு பொருள், முன்பின் தெரியாத ஒருவருக்குச் சில நிமிடங்களில் கைமாறுகிறது. கள்ளநோட்டோடு வருகிறவர்கள் அந்தச் சில நிமிடங்களைத்தான் குறிவைக்கிறார்கள். ஆகவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை, வண்டி விற்க நினைக்கும் குடும்பங்களுக்காகவே எழுதுகிறேன்.

‘கள்ளநோட்டைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா?’ என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2024 செப்டம்பரில் அகமதாபாத்தில் நடந்ததைப் பாருங்கள். தங்க வியாபாரி ஒருவரிடம் சுமார் 2,100 கிராம் தங்கத்தை வாங்கிக்கொண்டு, விலையின் ஒரு பகுதியாக 1.30 கோடி ரூபாய் என்று சொல்லி ஒரு கும்பல் 500 ரூபாய்க் கட்டுகளைக் கொடுத்தது. அந்தத் தாள்களில் காந்தியின் படம் இருக்க வேண்டிய இடத்தில் நடிகர் அனுபம் கேரின் படம் இருந்தது. ரிசர்வ் வங்கியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ரிசோல் பேங்க் ஆஃப் இந்தியா’ என்று அச்சாகியிருந்தது. பள்ளிப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும் போலி அது. ஆனாலும் பலித்தது. காரணம், அங்கே ஓர் அலுவலகம் இருந்தது. பணம் எண்ணும் இயந்திரம் இருந்தது. கட்டுகள் உறைக்குள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. “எண்ணிக்கொண்டிருங்கள், மீதி முப்பது லட்சத்தைப் பக்கத்திலிருந்து வாங்கி வருகிறோம்” என்று சொல்லிவிட்டு, தங்கத்தோடு போனவர்கள் திரும்பவில்லை.

அங்கே தோற்றது நோட்டைப் பார்க்கும் கண் அல்ல. பொருள் முதலில் போனது, பணத்தைச் சரிபார்ப்பது பிறகு நடந்தது. அந்த வரிசைதான் தவறு. கார் விற்பனையிலும் இதே வரிசையைத்தான் ஏமாற்றுகிறவர் நம்மைச் செய்யவைக்கப் பார்க்கிறார். ஆகவே நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: முதலில் பணம் உங்கள் கணக்கில் ஏறட்டும், பிறகு கையெழுத்துப் போடுங்கள், கடைசியாகச் சாவியைக் கொடுங்கள். யார் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கள்ளநோட்டில் நடுவழி கிடையாது. நட்டம் முழுவதும், கடைசியாக அது யார் கையில் இருக்கிறதோ அவரைச் சேரும். வங்கியில் நீங்கள் கட்டும் பணத்தில் ஒரு தாள் போலி என்று தெரிந்தால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி அதை உங்களிடம் திருப்பித் தர மாட்டார்கள். போலி என்று முத்திரை குத்திப் பறிமுதல் செய்வார்கள். அதற்கு ஒரு ரசீது தருவார்கள். கணக்கில் அந்தத் தொகை வரவு வைக்கப்படாது. ஒரே தடவையில் நான்கு தாள்கள் வரை பிடிபட்டால், மாத முடிவில் காவல் துறைக்கு மொத்தமாக அறிக்கை போகும். ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே காவல் நிலையத்துக்குத் தகவல் போய், முதல் தகவல் அறிக்கை பதிவாகும். வண்டியும் போய், பணமும் போய், காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லும் வேலையும் நம் தலையில் விழும்.

சட்டமும் பெரிய தொகையை ரொக்கமாக வாங்குவதை விரும்பவில்லை. ஒரே பரிவர்த்தனைக்கு இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற வருமான வரி விதி 2017 ஏப்ரல் முதல் இருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க முடியும். அதுவும் கொடுத்தவருக்கு அல்ல, வாங்கியவருக்கு. இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்று பிரித்து வாங்கினாலும் அது ஒரே வண்டிக்கான பணம்தான். ‘நாலரை லட்சமும் ரொக்கமாகவே தருகிறேன்’ என்று ஒருவர் சொன்னால், அதை மறுக்க இந்த ஒரு காரணமே போதும். “சட்டம் இடம் கொடுக்கவில்லை சார், வங்கியில் போட்டுவிடுங்கள்” என்று சொல்வதில் யாருக்கும் மனத்தாங்கல் வரத் தேவையில்லை.

பணம் அனுப்ப இன்று வழிகளுக்குக் குறைவில்லை. நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும், இரண்டு லட்சமோ அதற்கு மேலோ உள்ள தொகைக்கான ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் முதலும் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகின்றன. ஆகவே ‘இன்று ஞாயிற்றுக்கிழமை, வங்கி இல்லை, அதனால்தான் ரொக்கம்’ என்ற பேச்சுக்கு வலுவில்லை. பணம் வந்துவிட்டதா என்பதை மட்டும் உங்கள் வங்கிச் செயலியில், உங்கள் கணக்கின் இருப்பைப் பார்த்தே முடிவுசெய்யுங்கள். அவர் போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டும், உங்கள் போனுக்கு வரும் எஸ்.எம்.எஸ்ஸும் சான்று ஆகாது. இரண்டையும் போலியாகத் தயாரிக்க முடியும். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை. பின் போடச் சொன்னால் அங்கே பணம் உங்களிடமிருந்து போகிறது என்று பொருள். டிமாண்ட் டிராஃப்ட் கொண்டுவந்தால், அதைக் கொடுத்த வங்கிக் கிளையின் எண்ணை நீங்களே தேடி எடுத்து, பேசி உறுதிசெய்யுங்கள்.

வண்டி பழையது, விலை ஒன்றரை லட்சம்தான், வாங்க வருபவரும் கிராமத்திலிருந்து ரொக்கத்தோடு வருகிறார். இப்படியும் நடக்கும். அப்போது உங்கள் வங்கிக் கிளையிலேயே, வேலை நேரத்தில் சந்தியுங்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பணத்தை நீங்கள் வாங்கிக் கவுன்டரில் கட்டாதீர்கள். சலானில் உங்கள் கணக்கு எண்ணை எழுதி, பணம் கட்டுபவராகத் தன் பெயரையும் போட்டு அவரே கட்டட்டும். அங்கே ஒரு தாள் போலி என்று தெரிந்தால், கொண்டுவந்தவர் அவர். பதில் சொல்ல வேண்டியவரும் அவர். கவுன்டரில் இயந்திரம் சரிபார்க்கும், கேமரா பார்த்துக்கொண்டிருக்கும், முத்திரை பதித்த சலான் இருவருக்கும் சான்றாக இருக்கும். கள்ளநோட்டு வைத்திருப்பவர் வங்கிக்கு வரவே மாட்டார். ‘வங்கியில் வைத்துக்கொள்ளலாம்’ என்றதும் ஒருவர் காணாமல் போனால், நீங்கள் ஒரு விற்பனையை இழக்கவில்லை, வண்டியைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

அட்வான்ஸாகவோ சிறு தொகையாகவோ ரொக்கம் கைக்கு வரும்போது, தாளைப் பார்க்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். 2,000 ரூபாய்த் தாளைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக 2023 மே மாதம் அறிவித்த பிறகு, நம் கையில் புழங்கும் பெரிய தாள் 500 ரூபாய்தான். சாம்பல் நிறம், பின்பக்கம் செங்கோட்டை. முதலில் தொட்டுப் பாருங்கள். நம் நோட்டு பருத்தியால் ஆன தாள். சாதாரண அச்சுத்தாள்போல வழவழப்பாக இருக்காது. காந்தியின் படம், வலப்பக்கத்து அசோகத் தூண், இரு ஓரங்களிலும் இருக்கும் ஐந்து சாய்வான கோடுகள் ஆகியவை விரலுக்கு மேடாகத் தட்டுப்படும். அடுத்து சாய்த்துப் பாருங்கள். பாதுகாப்பு இழையும், கீழே வலப்பக்கம் இருக்கும் ₹500 என்ற எண்ணும் பச்சையிலிருந்து நீலமாக மாறும். பிறகு வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெறுமையாகத் தெரிந்த இடத்தில் காந்தியின் உருவமும் 500 என்ற எண்ணும் வாட்டர்மார்க்காகத் தெரியும். வரிசை எண்ணின் இலக்கங்கள் இடமிருந்து வலமாகச் சிறியதிலிருந்து பெரியதாக வளரும். ஒரே கட்டில் இரண்டு தாள்களுக்கு ஒரே வரிசை எண் இருந்தால், அந்தக் கட்டை வங்கியில் சரிபார்க்காமல் வாங்காதீர்கள். அதே சமயம், எண்ணுக்கு நடுவே நட்சத்திரக் குறி இருப்பதால் ஒரு தாளைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அச்சில் பழுதான தாளுக்குப் பதிலாக வெளியிடப்படும் நல்ல நோட்டு அது என்று ரிசர்வ் வங்கி 2023-இல் விளக்கியிருக்கிறது.

கட்டாக வரும் பணத்தில் மேலும் கீழும் நல்ல தாளை வைத்து, நடுவில் போலியையோ வெறும் தாளையோ செருகுவது பழைய வேலை. 500 ரூபாய்க் கட்டு ஒன்றில் நூறு தாள்கள், ஐம்பதாயிரம் ரூபாய். வங்கி உறை சுற்றியிருந்தாலும் பிரித்து, ஒவ்வொரு தாளாக எண்ணுங்கள். எண்ணி முடித்த பணம் ஏதாவது ஒரு சாக்கில் மறுபடி அவர் கைக்குப் போனால், திரும்பி வரும்போது முதலிலிருந்து எண்ணுங்கள். கட்டை மாற்றுவது அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. இவ்வளவு பார்த்தாலும், தேர்ந்த கை அச்சடித்த போலி நம் கண்ணை ஏமாற்றக்கூடும். அதனால்தான் பெரிய தொகைக்கு வங்கிக் கவுன்டர் என்கிறேன்.

இவையெல்லாம் தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள். காரணம் நம் கூச்சம். வீட்டுக்கு வந்தவர் சோபாவில் உட்கார்ந்து, காபி குடித்து, ‘அண்ணா’ ‘அக்கா’ என்று உறவு சொல்லிப் பேசிவிட்டால், அவர் முன்னால் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க நமக்குக் கை வருவதில்லை. அவரை நாம் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமே என்று தயங்குகிறோம். விருந்தோம்பலும் நல்ல குணம், பிறர் மனம் நோகாமல் நடப்பதும் நல்ல குணம். ஆனால் பணத்தைச் சரிபார்ப்பது யாரையும் அவமதிப்பது ஆகாது. நேர்மையாக வாங்க வருகிறவருக்கும் வங்கிப் பதிவுதான் பாதுகாப்பு; முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன் என்பதற்கு அவரிடமும் சான்று இருக்கும். அவர் கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவரையும், ‘இருட்டுகிறது, ஊருக்குப் போகணும், சீக்கிரம் முடியுங்கள்’ என்று அவசரப்படுத்துகிறவரையும், பேரமே பேசாமல் கேட்ட விலைக்கு ஒப்புக்கொள்கிறவரையும் பார்த்து ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள், விற்பனை முடியும் நாளில் பிள்ளையையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு ‘இல்லை’ சொல்ல இன்னொரு குரல் உதவும்.

காகித வேலையிலும் இதே வரிசைதான். பணம் வருவதற்கு முன்பே படிவம் 29, 30-இல் வெற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது; அதை விட்டுவிடுங்கள். பணம் ஏறிய பிறகு, வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எல்லாவற்றையும் நிரப்பிக் கையெழுத்துப் போடுங்கள். அவருடைய அடையாள அட்டை நகலும், நாளும் நேரமும் எழுதிய டெலிவரி ரசீதும் உங்களிடம் இருக்கட்டும். விற்றதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஏமாற்றி வாங்கிய வண்டி வேறு குற்றத்துக்குப் பயன்பட்டாலும், காவல் துறை முதலில் தட்டுவது பதிவில் பெயர் உள்ளவரின் கதவைத்தான். வண்டியின் ஃபாஸ்டேக் கணக்கையும் அன்றே மூடிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கையில் போலித் தாள் சிக்கிவிட்டால், தயவுசெய்து அதை வேறொருவர் தலையில் கட்டப் பார்க்காதீர்கள். ‘எனக்கு வந்தது, நானும் தள்ளிவிடுகிறேன்’ என்ற எண்ணம் நட்டத்தில் இருக்கும் எவருக்கும் வரக்கூடும். ஆனால் போலி என்று தெரிந்தே புழக்கத்தில் விட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 179-ஆவது பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை போகும் குற்றம் அது. அதைவிட முக்கியம், அந்தத் தாள் அடுத்துப் போய்ச் சேரும் இடம் ஒரு பூக்காரம்மாவின் சுருக்குப்பையாக இருக்கலாம். தாள்களை ஓர் உறையில் போட்டு, அதிகம் தொடாமல், உடனே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். வந்தவரின் போன் எண், குறுஞ்செய்திகள், வீட்டுக்கு வந்த வண்டியின் எண், தெருவில் உள்ள கேமரா என எல்லாவற்றையும் சொல்லுங்கள். அதே நாளில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, பெயர் மாற்றத்தை நிறுத்திவைக்கக் கேளுங்கள். ஏமாற்று ஆன்லைனில் நடந்திருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். அந்தப் பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க வாய்ப்பு இருக்கிறது. ஏமாந்ததை வெட்கமாக நினைத்து வீட்டுக்குள் மூடி வைக்காதீர்கள். வெட்கப்பட வேண்டியவர் ஏமாற்றியவர்தான்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது கார் விற்கப்போகிறார்கள் என்றால், இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். ‘பணம் கணக்கில் ஏறிய பிறகே கையெழுத்து’ என்று விளம்பரத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அப்படிச் சொல்வது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டால், யாரும் யாரிடமும் கூச்சப்பட வேண்டியிருக்காது. கள்ளநோட்டோடு வருகிறவருக்கு நம் வாசலில் வேலையும் இருக்காது.

அன்புடன்,
ஆசிரியர்