சென்னபட்டண பொம்மைக்கு விலக்கு மட்டும் போதுமா?

மைசூர் தசராவுக்குச் சென்று திரும்புவோர், வழியில் சென்னபட்டணத்தில் இறங்கி வீட்டுக் குழந்தைக்கு ஒரு மர பொம்மை வாங்குவது நீண்டகால வழக்கம். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூரு - மைசூரு விரைவுச்சாலை அந்த ஊரை ஒதுக்கிச் செல்கிறது. பழைய சாலையோரக் கடைகள் பயணிகளை இழந்துவிட்டன. மைசூருக் கடைகளிலோ இணையத்திலோ பொம்மையை வாங்குபவருக்கு, அது எந்தப் பட்டறையில் கடையப்பட்டது என்பது தெரிவதில்லை.

தெரிந்தாக வேண்டிய காரணம் இருக்கிறது. தவழும் குழந்தை எந்த விளையாட்டுப் பொருளையும் முதலில் வாயில்தான் வைக்கும். கன்னடத்தில் 'ஆலே' எனப்படும் வெட்பாலை மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, நிறமேற்றிய அரக்குக் குச்சியை அதன்மீது அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பின்னர் தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். மஞ்சள் போன்ற தாவர நிறங்கள் சேர்ந்த அரக்கு, குழந்தைக்குத் தீங்கற்றது. பூச்சாக மேலே ஒட்டாமல் மரத்தோடு இறுகியிருப்பதால் எளிதில் உதிர்வதுமில்லை. நம் வீட்டு மரப்பாச்சியைப் போல ஒரு தலைமுறை கழித்தும் கைமாற்றித் தரலாம். மின்கலம் தீர்ந்ததும் குப்பைக்குப் போகும் பொம்மைக்கு இந்த ஆயுள் ஏது?

மலிவான வேதிப்பூச்சின் ஆபத்தை உலகம் அறியாமல் இல்லை. சாயத்தில் ஈயம் இருந்ததால் சீனாவில் தயாரான லட்சக்கணக்கான பொம்மைகளை 2007-ல் மேட்டல் நிறுவனம் திரும்பப் பெற்றது. இந்தியாவிலும் 2020-ல் பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டு, 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. கைவினை ஆணையரிடம் பதிவு செய்த கலைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களின் பதிவுபெற்ற பயனாளர்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. சென்னபட்டண பொம்மைகள் 2005-06-லேயே அக்குறியீட்டைப் பெற்றுவிட்டன.

விலக்கு நியாயமானதே. ஓரிரு கடைசல் இயந்திரங்களை வைத்துப் பிழைக்கும் குடும்பத்தின் மீது பெருந்தொழிற்சாலைக்குரிய ஆய்வகச் செலவைச் சுமத்துவது, தொழிலை மூடச் சொல்வதற்குச் சமம். ஆனால், தில்லியில் விலக்கு அளித்தவர்கள் அதன் மறுபக்கத்தைப் பார்க்கத் தவறிவிட்டார்கள். அசல் பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இராது, அதையே சாக்காக்கி, வேறு மரத்தில் வேதிச்சாயம் பூசிய போலியும் அதே பெயரில் அதே அலமாரியில் அமர்ந்துகொள்ள முடியும். போலி மலிவாக இருக்கும்போது, விவரம் அறியாத பெற்றோர் எதை எடுப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

புவிசார் குறியீட்டுக்கென ஒரு பொது முத்திரையை மத்திய அரசு 2018-ல் வெளியிட்டது. விலக்குப் பெறும் ஒவ்வொரு பொம்மையிலும் அம்முத்திரையும் பட்டறையின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும் என்று விதிப்பது கடினமான காரியமல்ல. கடைகளிலிருந்து அவ்வப்போது மாதிரி எடுத்துச் சாயத்தை அரசுச் செலவில் பரிசோதிக்கலாம். கைவினைஞரிடம் கட்டணம் கேட்கக் கூடாது.

இந்த ஏற்பாடு வரும்வரை, மைசூரில் வாங்குவோர் மாநிலக் கைவினைக் கழகத்தின் 'காவேரி' விற்பனையகத்தை நாடலாம். நேரமிருப்பவர்கள் விரைவுச்சாலையை விட்டிறங்கிச் சென்னபட்டணத்துப் பட்டறைக்கே போகலாம். குழந்தையையும் அழைத்துச் சென்றால், பொம்மை கண்ணெதிரே உருவாவதை அது பார்க்கும்.