ஆபரேஷனுக்குப் பிறகுதான் வேலையே



எங்கள் தெருவில் பைக் மோதிப் பின்னங்கால் ஒடிந்து கிடந்த நாய்க்கு அறுவை சிகிச்சை செய்து, தொடை எலும்பில் பிளேட் வைத்தார்கள். 'தூக்கிட்டுப் போங்க' என்று மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்ததோடு சரி. வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை. தட்டுத் தடுமாறிக் கற்றதை மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் எதிரி அதன் நாக்குதான். நக்கினால் தையல் பிரியும், சீழ் வைக்கும். பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்பில் துணி சுற்றிக் கழுத்தில் மாட்டினேன். முதல் நாள் கதவு நிலையில் எல்லாம் இடித்துக்கொண்டு என்னை முறைத்தது. மூன்றாம் நாள் அதோடேயே தூங்கியது. வழுக்கும் டைல்ஸ் மேல் கோணிச்சாக்கு விரித்தேன். வெளியே கூட்டிப் போகும்போது அடிவயிற்றில் துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தேன். 12ஆம் நாள் தையல் பிரித்தார்கள். எலும்பு கூட 8 வாரம் ஆனது. அதுவரை மாடிப்படி, குதியாட்டம் எதற்கும் விடவில்லை.

முக்கியமாக ஒன்று: வலியில் முனகுகிறதே என்று நாம் போடும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. கல்லீரல், சிறுநீரகம் கெட்டு உயிரே போகலாம்.

இதையெல்லாம் கால்நடை மருத்துவமனைகளில் ஒரு பக்கத் தமிழ்த் துண்டுச்சீட்டாக அச்சடித்துக் கொடுத்தால் என்ன? செலவு சொற்பம், பிழைக்கும் உயிர்கள் பல.

எங்கள் நாய் இப்போது லேசாக விந்தியபடியே பால்காரர் வண்டியைத் துரத்துகிறது.

- வாசகி, திருச்சி