போர்டு போச்சாம்ல!

பொட்டி தட்டுறவனுக்கு கிட்டார் ஆம்ப்ல என்ன வேலைன்னு கேக்காதீங்க மக்கா. 1000 மெகாவாட் அணு உலை ரெண்டு ஓடுற கூடங்குளத்துல, பாட்டுக்குழு பசங்க காசு சேர்த்து வாங்கின 15 வாட் ஆம்ப் ஒண்ணு அழுதுக்கிட்டு இருந்தது. நல்லாப் பாடும், திடீர்னு கொர்ர்... அப்புறம் மூச்சு இல்லை. மெக்கானிக் முன்னாடி வச்சா சமர்த்தாப் பாடும்! அவரோ "போர்டு போச்சு, மாத்திரணும்" என்றார்.

இங்கதான் எனக்குக் கடுப்பு. விட்டு விட்டு வரும் கோளாறுக்கு போர்டை மாற்றுவது, பக் எதுன்னு பார்க்காம சர்வரை ரீஸ்டார்ட் பண்ற கதைதான். முதல்ல கோளாறை வரவழைக்கணும். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தணும்.

வேற வயர் போட்டேன். அதே கொர்ர். அது கத்தும்போதே பின்னாடி இருக்கும் சென்ட், ரிட்டர்ன் ஜாக் ரெண்டையும் சின்ன வயரால் இணைச்சேன். கணீர்! ரிட்டர்ன் ஜாக்கில் எதுவும் சொருகாதபோது உள்ளே ஒட்டிக்கிட்டு சிக்னலைக் கடத்துற தகடுதான் வில்லன். உப்புக்காத்துல கறுத்துப் போச்சு. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, பிளக்கை இருபது தடவை சொருகி எடுத்தேன். கிறிஸ்துமஸ் பாட்டு முடியுற வரை முனகவே இல்லை. மறுபடி முனகினாலும் மாத்த வேண்டியது ஜாக்கைத்தான்.

டிஸ்கி: வால்வ் ஆம்பைத் திறந்து நோண்டாதீங்க. பிளக்கைப் புடுங்கின பிறகும் கெபாசிட்டரில் 300, 400 வோல்ட் நிக்கும்.