சமயப் பற்றும் மாணவர் பாலுறவு நடத்தையும்: ஒரு மறுப்பு

கல்லூரி மாணவரிடையே சமயப் பற்று மிகுந்தால் பாலுறவு நாட்டம் கட்டுக்குள் அடங்கும் என்னும் கருத்து, நிறுவப்பெற்ற உண்மை போலவே கருத்தரங்குகளில் எடுத்துரைக்கப்பெற்று வருகிறது. இதற்குச் சான்றாகப் பெரிதும் காட்டப்பெறுவன அமெரிக்க வினாநிரல் ஆய்வுகளே. அவ்வாய்வுகளை முழுமையாகப் படித்தோர் இம்முடிவிற்கு வருதல் அரிது.

1993இல் அமெரிக்கத் தென்மாநிலப் பாப்டிஸ்டு திருச்சபையினர் தொடங்கிய 'உண்மைக் காதல் காத்திருக்கும்' இயக்கம், திருமணம் வரை உடலுறவு கொள்வதில்லை என இளைஞரிடம் எழுத்துறுதி பெற்றது. பேர்மன், புரூக்னர் ஆகிய சமூகவியலார் 2001இல் வெளியிட்ட ஆய்வு, உறுதி ஏற்றோர் முதல் உறவைக் காலம் தாழ்த்தினர் எனக் கண்டது. மேற்கோள் காட்டுவோர் இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றனர். உறுதியை மீறியோர் முதல் உறவில் கருத்தடை முறையைக் கைக்கொள்ளும் வாய்ப்புக் குறைவு என்பதும் அவ்வாய்வின் முடிவே. முன்னேற்பாடு செய்தல் மீறும் எண்ணத்தைத் தமக்குத்தாமே ஒப்புக்கொள்வதாகும். எனவே ஏற்பாடின்றி மீறுகின்றனர் எனக் கொள்ள இடமுண்டு. இதன் விளைவைப் பெரிதும் சுமப்பவள் பெண்ணே.

2009இல் ஜேனட் ரோசன்பாம், உறுதி ஏற்றோரைச் சமயப் பற்றிலும் மனப்பாங்கிலும் அவர்களை ஒத்த, உறுதி ஏற்காதோரோடு ஒப்பிட்டார். ஐந்தாண்டுகளுக்குப் பின் இரு சாராரின் பாலுறவு நடத்தையில் வேறுபாடு காணப்பெறவில்லை. இரு சாராருமே பிற இளைஞரினும் காலம் தாழ்த்தினர் என்பது உண்மை. அதனால் சமயச் சூழலுக்குச் செல்வாக்கே இல்லை எனல் பொருந்தாது. ஆனால் அச்செல்வாக்கு உறுதிமொழியால் விளைந்ததன்று. உறுதி ஏற்றோருள் 82 விழுக்காட்டினர், தாம் அவ்வாறு ஏற்றதே இல்லை என்றனர் என்பது ஆய்வுலகம் ஊன்றி நோக்கத்தக்கது. தாம் அளித்த உறுதியையே மறுப்போர், அந்தரங்க வினாக்களுக்கு அளிக்கும் விடையை அப்படியே நடத்தையாகக் கொள்வது எங்ஙனம்? சமயப் பற்றுடையோர் 'குறைவாக ஈடுபடுகின்றனர்' என்பதற்கும் 'குறைவாகச் சொல்கின்றனர்' என்பதற்கும் இடையிலுள்ள தொலைவை வினாநிரல் அளப்பதில்லை.

டோனா ஃபிரைட்டாஸ் 2008இல் வெளியிட்ட நூலும் இங்குக் கருதத்தக்கது. ஏழு அமெரிக்கக் கல்வி நிறுவனங்களை ஆராய்ந்த அவர், கத்தோலிக்கக் கல்லூரி மாணவர் பாலுறவு வாழ்வில் சமயச் சார்பற்ற கல்லூரி மாணவரை ஒத்திருப்பதையும், தம்மை ஆன்மிக நாட்டமுடையோர் எனக் கூறுவோர்கூட அந்நாட்டத்தைப் பாலுறவோடு இணைத்துப் பார்க்காததையும் எடுத்துக்காட்டினார். வேறுபட்டு நின்றவை நற்செய்திநெறிக் கல்லூரிகளே. 'சமயம்' என ஒரு சொல்லால் இவற்றை அடக்குதல் ஆய்வாகாது.

இவ்வுறுதியைக் 'கற்பு உறுதிமொழி' எனத் தமிழாக்கித் தொல்காப்பியத்தைத் துணைக்கழைப்பது அதனினும் பிழை. தொல்காப்பியர் காட்டும் கற்பு, கரணத்தோடு கூடிய மணவாழ்க்கை, உடலுறவின்மை அன்று. அதற்கு முற்பட்ட களவை அவர் குற்றமாக வைத்து விலக்கவுமில்லை. தனி இயல் வகுத்தே ஓதினார். களவில் கூடியோரிடைப் பொய்ம்மையும் தவறும் நேர்ந்த பின்னரே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்பது அவர் தரும் காரணம். அக்கரணம், கூடியபின் மறுப்போனை ஊரறியக் கட்டுவது. கூடுவதற்கு முன் ஒருத்தியிடம் தனித்துக் கையொப்பம் வாங்குவதன்று.