இருதயச் சிகிச்சையும் தாய்மொழியும்

ஒலியைக் கொண்டு உடலின் உள்ளுறுப்புக்களைக் காணும் வித்தை இக்காலத்து வைத்திய சாஸ்திரத்தின் பெரும்பேறுகளுள் ஒன்று. சீர்காழி முதலிய காவிரிக் கடைமடை ஊர்களிலும் 'எக்கோ எடுத்தல்' என்பது இப்பொழுது வீட்டுப் பேச்சாகிவிட்டது. ஆயின், அஃது யாது, எதன்பொருட்டு, அதன்பின் நிகழ்வது யாது என வினவின் விடை கூறுவார் மிகச் சிலரே. இக்குறையை நீக்கும் கடமை வைத்தியரை மட்டும் சார்ந்ததன்று. தமிழ் கற்பாரையும் சார்ந்தது என்பதே யாம் ஈண்டு வற்புறுத்துவது.

இருதயத்தின் இடப்பாகத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே ஒரு வால்வு உண்டு. வயலுக்கு நீர் விடும் மதகினை அறிந்த நம்மவர்க்கு இதனை விளக்குதல் எளிது. இரட்டைக் கதவுடைய இம்மதகு ஒவ்வொரு துடிப்பிலும் திறந்து இரத்தத்தைக் கீழே விட்டு, அது மீளாதபடி மூடிக்கொள்ளும். இளமையில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் மூட்டுவாதக் காய்ச்சல் இக்கதவுகளைத் தடிக்கச் செய்து ஓரங்களை ஒட்டிவிடும். நெரிசல் மிக்க வீடுகளில் வாழும் எளியோரின் மக்களையே இந்நோய் பெரிதும் பற்றுகின்றது. மதகு அடைபட்டால் மேல்வயலில் நீர் தேங்குமாறு போல, இரத்தம் நுரையீரலில் தேங்கி மூச்சுத் திணறலை விளைக்கும். 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்கவேண்டிய வழி 1.5க்குக் குறைந்தால் நோய் கடுமையானதாம். கருவுற்ற காலத்தில் இரத்தத்தின் அளவு பெருகுதலின், அதுகாறும் மறைந்திருந்த நோய் வெளிப்படும். 'பிள்ளைத்தாய்ச்சிக்கு இளைப்பு இயல்புதானே' என்று அயலார் ஆறுதல் கூறிக்கொண்டிருக்க, தாயும் சேயும் அபாயத்துக்குள்ளாவர்.

இந்நோயை நீக்குதலில் நம் நாட்டு மிஷன் வைத்தியசாலை ஒன்றின் தொண்டு மறக்கற்பாலதன்று. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டில் தொடங்கிய பணியினின்று வளர்ந்த வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில், மார்பைத் திறந்து, துடிக்கும் இருதயத்துள் விரலையும் கருவியையும் செலுத்தி, ஒட்டிய கதவுகளைப் பிரித்து வந்தனர். அவ்வாறு சிகிச்சை பெற்ற 3724 பேரின் வரலாற்றை ஸ்டான்லி ஜான் முதலியோர் 1983இல் வெளியிட்டனர். அன்று வைத்தியர்க்குத் தம் விரலின் உணர்ச்சியே கண்ணாயிருந்தது.

ஒலியோ வேறொரு கண்ணைத் தந்தது. 1953இல் ஸ்வீடன் தேசத்து லுண்ட் நகரில் எட்லர் என்னும் வைத்தியரும் ஹெர்ட்ஸ் என்னும் பௌதிக அறிஞரும், கப்பல் கட்டுமிடத்தில் உலோகத்தின் பழுதைச் சோதிக்கும் கருவியை இரவல் பெற்று, இருதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தனர். ஜப்பானியராகிய இனவே என்பார் 1982இல் பலூன் முறையைத் தொடங்கி 1984இல் வெளியிட்டார். இம்முறையில் மார்பைத் திறத்தல் இல்லை. தொடையடி நரம்பின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, மேலறைகளின் இடைச்சுவரைத் துளைத்து, வால்வின் நடுவே பலூனை ஊதி ஒட்டியதைப் பிரிப்பர். எக்ஸ்-கதிர் குழாயைக் காட்டுமேயன்றி மெல்லிய சுவரையும் வால்வையும் தெளிவாகக் காட்டாது. ஒலிக்காட்சியோ வால்வு இம்முறைக்கு ஏற்றதா, மேலறையில் இரத்தக் கட்டி உண்டா, ஊசி எவ்விடத்துப் பட்டது, ஊதியபின் வழி எவ்வளவு அகன்றது, கசிவு மிகுந்ததா என்பவற்றை உடனுக்குடன் உணர்த்தும். கருவுற்றார்க்கு எக்ஸ்-கதிரைக் குறைத்தற்கும் இது துணையாம்.

இத்துணைச் சிறந்த வழி இருந்தும், பொருள் விளங்காமையால் அஞ்சிப் பின்வாங்குவாரும், படித்தறியாத தாளில் கைந்நாட்டு வைப்பாரும் உளர். யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, உடற்கூறு, ரண சிகிச்சை, பிரசவ வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழிற் கொணர்ந்தார். அயல்நாட்டார் ஒருவர்க்கு இயன்றது தமிழ்மக்களுக்கு இயலாதோ?

தமிழிற் சொல்லில்லை என்பார் உளர். எக்கோ, பலூன், வால்வு என்பன மக்கள் நாவில் முன்னரே வழங்குவன. அவற்றை அவ்வாறே கொண்டு, எஞ்சியவற்றை விளக்கினாற் போதும். தூய சொல்லுக்காகக் காத்திருந்து நோயாளியை இருளில் வைத்தல் தமிழ்ப்பற்று ஆகாது. வைத்தியர்க்கு நேரமில்லை என்பது உண்மையே. அதனாலன்றோ பிறர் துணை வேண்டப்படுகின்றது? முதலில் வேண்டுவது கருவியும் பணமும் என்பாரும் உளர். அவையும் வேண்டும்; ஆயினும் கேட்க அறியாதவர்க்காக அவற்றை யார் கேட்பார்?

ஆதலின் கல்லூரித் தமிழ்த்துறைகள் வைத்தியருடன் கூடி, படங்களோடு கூடிய நான்கு பக்கச் சிறு பிரசுரம் ஒன்றை எழுதுதல் வேண்டும். பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்தால் வைத்தியரிடம் காட்டுக. மூட்டுவாதக் காய்ச்சல் கண்டவர்க்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கொருமுறை இடச்சொன்ன பெனிசிலின் ஊசியைத் தவறவிடற்க. கருவுற்றவள் படுத்தால் மூச்சு முட்டி எழுந்தால் தாமதியாது சோதித்துக்கொள்க. இவை அதன்கண் முதலிடம் பெறுக. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் அதனைப் படித்துக் காட்டுக. கையெழுத்து வாங்குமுன் வைத்தியசாலையாரும் அவ்வாறே செய்க.

எரிகோவின் வழியருகே இருந்த பர்திமேயுவின் குறை இன்னதென்பது நம் ஆண்டவர்க்குத் தெரியாததன்று. ஆயினும் அவன் வேண்டுவது யாது என்று வினவிய பின்னரே பார்வை அளித்தார். வினவப்படுதற்கும், விடையளிக்குமாறு விளக்கப்படுதற்கும் ஏழைக்கு உள்ள உரிமை சிறிதன்று. அவ்வுரிமையை அவன் தாய்மொழியில் அளித்தல் தமிழ் பயில்வார்க்கு உற்ற தொண்டாகும்.