சோறு குறைந்த தட்டும் திராட்சை மதுவும்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வருகையில் அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "சோற்றையும் இட்லியையும் குறைத்து மூன்று மாதம் ஆயிற்று. சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது. பீரில்தான் மாவுச்சத்து உண்டு, திராட்சை மதுவில் இல்லை என்கிறார்களே. இரவில் ஒரு கோப்பை அருந்தினால் என்ன?" என்று வினவினார். மாதந்தோறும் இப்பகுதியில் உணவைப் பற்றி எழுதிவரும் எனக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை. காரணம் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது.

என் தாய்மாமன் வசிப்பது பாலாற்றில். மாதேசுவர மலையிலிருந்து மேட்டூருக்கு இறங்கும் சாலையில், பாலாறு காவிரியோடு கலக்குமிடத்தில், இரு மாநிலங்களின் எல்லையில் உள்ள இடம் அது. முன்னர் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1997இல் சாமராஜநகர் மாவட்டத்தில் அடங்கியது. நீர்த்தேக்கத்து மீனை வாங்கி விற்பது மாமாவின் தொழில். நீரிழிவு வந்து பத்தாண்டு ஆகிறது. சோற்றைக் கைப்பிடி அளவாக்கி, மீன், முட்டை, கீரை என்று உண்பவர். கிளிமிபிரைடு மாத்திரை காலையும் இரவும் உண்டு. மாலையில் சிறிது பிராந்தியும் உண்டு. அதை அத்தையால் நிறுத்த முடியவில்லை.

சென்ற ஆண்டு விடுமுறையில் சென்றபோது நான் மைசூரில் ஒரு புட்டி திராட்சை மது வாங்கிச் சென்றேன். 2007இல் கர்நாடக அரசு திராட்சை மதுவுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது முதல் நம் பக்கத்தில் அது எளிதாகக் கிடைக்கிறது. "பிராந்தியை விடுங்கள் மாமா, இது உங்கள் பத்தியத்துக்குப் பொருந்தும்" என்று சொன்னவன் நானே. ரயில்வேயில் கணக்கு எழுதிப் பிழைப்பவனாதலால் துண்டுத் தாளில் கணக்கும் எழுதிக் காட்டினேன்.

அக்கணக்கு பிழையன்று. திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் தின்று சாராயமாக மாற்றுகிறது. முழுவதும் மாறும்வரை விட்டால் இனிப்பற்ற மது. ஐரோப்பிய விதிப்படி அதில் லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை, புளிப்பு மிகுந்திருந்தால் 9 கிராம் வரை இருக்கலாம். நடுவிலே சாராயம் கலந்து ஈஸ்ட்டைக் கொன்றுவிட்டால் சர்க்கரை அப்படியே தங்கும். போர்ட் என்பது அவ்வகை. லிட்டருக்குச் சுமார் 100 கிராம் இருக்கும். இரண்டும் திராட்சை மதுதான், இரண்டும் சிவப்புதான். நம்மவர் பலர் விரும்பி வாங்குவது இரண்டாவதை. நான் வாங்கியது முதல் வகை. 150 மில்லி கோப்பையில் மாவுச்சத்து 4 கிராமைத் தாண்டாது. இவ்வளவும் எழுதிய நான், அதே கோப்பையில் 14 கிராம் சாராயம் இருப்பதையும், அதிலிருந்து மட்டும் 100 கலோரி வருவதையும் எழுதவில்லை. மாமா விழுங்கும் மாத்திரையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இந்த யோசனை புதிதுமன்று. இலண்டனில் வில்லியம் பான்டிங் என்றொருவர் இருந்தார். சவ அடக்கக் காரியங்களை நடத்துபவர். (இன்சுலின் கண்ட பான்டிங் வேறொருவர்.) குனிந்து காலணிக் கயிறு கட்ட முடியாத பருமன். மருத்துவர் வில்லியம் ஹார்வியின் சொற்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் முதலியவற்றை விட்டு இளைத்தார். 1863இல் அதைச் சிறு நூலாக வெளியிட்டார். அவருடைய உணவுப் பட்டியலில் பகலுணவோடு இரண்டு மூன்று கோப்பை திராட்சை மதுவுக்கு இடமுண்டு. போர்ட்டும் ஷாம்பேனும் கூடா. 81 வயது வரை வாழ்ந்தார். ஆனால் அவர் காலத்தில் சர்க்கரை மாத்திரை கிடையாது. கிளிமிபிரைடு சேர்ந்த குடும்பத்து மாத்திரைகள் 1950களில்தான் புழக்கத்துக்கு வந்தன.

நிற்க. நான் சென்ற இரண்டாம் நாள் இரவு மாமாவுக்குப் பசி இல்லை. இரண்டு துண்டு மீன் மட்டும் தின்றார், சோறு வேண்டாமென்றார். மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு இரண்டு கோப்பை அருந்திப் படுத்தார். விடியற்காலை நான்கு மணிக்கு அத்தை என்னை எழுப்பினார். மாமா ஏதோ உளறினார். எழுந்து நிற்க முடியவில்லை. அடுத்த வீட்டுக்காரர் வந்து பார்த்து, "குடித்த மயக்கம், விடிந்தால் தெளியும்" என்று போய்விட்டார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படியே எண்ணினேன். அத்தைதான், "இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், குடித்தால் இப்படிச் சில்லென்று வேர்க்காது, கண்ணு" என்றார். விரலில் குத்திப் பார்த்தோம், சர்க்கரை 46. விழுங்கும் நினைவு இருந்ததால் மூன்று கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தார் அத்தை. கால் மணியில் கண் தெளிந்தது. மீண்டும் கொடுத்து, வண்டி பிடித்து மேட்டூருக்குக் கொண்டுசென்றோம். மாத்திரையின் வேகம் நெடுநேரம் நிற்குமாதலால் அன்று முழுவதும் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள்.

நடந்தது என்னவென்று அங்கிருந்த மருத்துவர் விளக்கினார். நாம் உறங்கும்போது இரத்தத்துக்குச் சர்க்கரை அனுப்புவது கல்லீரல். கொஞ்சம் சேமிப்பிலிருந்து எடுக்கும். மீதியைப் புதிதாகச் செய்யும். சாராயம் உள்ளே வந்தால் அதை அப்புறப்படுத்துவதே அதற்கு முதல் வேலை. சாமராஜநகர்ப் பாதைபோல் ஒற்றைத் தடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: விரைவு வண்டிக்கு வழிவிட்டுச் சரக்கு வண்டி ஓரத் தடத்தில் நிற்கிறது. புதிதாகச் சர்க்கரை செய்யும் வேலை நின்றுபோகிறது. சோற்றைக் குறைத்தவருக்குச் சேமிப்பும் குறைவு. மாத்திரையோ கணையத்தைத் தூண்டி இருக்கும் சர்க்கரையையும் இறக்குகிறது. மாவுச்சத்து இல்லை என்று நான் புகழ்ந்தேனே, அந்த இன்மையே அன்றிரவு மாமாவுக்குப் பகையாயிற்று.

ஆகவே அன்பருக்கு என் விடை இது. தாங்கள் உண்ணும் மாத்திரையின் பெயரை முதலில் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிகிளசைடு போன்றவையோ இன்சுலினோ ஆனால், மருத்துவரிடம் கேளாமல் ஒரு கோப்பையும் வேண்டாம். மெட்ஃபார்மின் மட்டும் உண்பவருக்குச் சர்க்கரை இப்படி இறங்குவது அரிது. மிகையாகக் குடித்தால் அவருக்கு வேறு கேடு, இரத்தத்தில் அமிலம் ஏறும். அருந்துபவர் வெறும் வயிற்றில் அருந்தலாகாது. வீட்டாருக்குத் தெரியாமலும் அருந்தலாகாது. மறைத்துக் குடித்தவர் மயங்கினால் நாற்றத்தை முகர்ந்துவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதுவரை பழக்கமில்லாதவர் இருதயத்துக்கு நல்லதென்று கேட்டுத் தொடங்கவே வேண்டாம். தீங்கற்ற அளவென்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்திருக்கிறது.

மாமாவுக்கு இப்போது மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். பிராந்தி நின்றுவிட்டது. மிச்சமிருந்த மதுவை அத்தை முற்றத்தில் கொட்டிவிட்டுப் புட்டியைக் கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார். சோற்றுக்குப் பதில் களி தின்றால் மாவுச்சத்து குறையுமா என்று மாமா கேட்டு எழுதியிருக்கிறார். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 78 கிராம், ராகியில் 67 கிராம். பெரிய வேற்றுமை இல்லை. அதனை அடுத்த திங்கள் விரித்து எழுதுவேன்.