ஒரு மணித்தியாலப் பிளேன், ஒரு நாள் பயணம்

கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்குப் பிளேன் சுமார் ஒரு மணித்தியாலம். முதல் தடவை போகிற எங்க ஆளுங்க இதை நம்பித்தான் திட்டம் போடுறாங்க. "காலையில ஏறினா பகல் சாப்பாட்டுக்கு அங்க இருக்கலாம்" என்று வீட்டில் பேச்சு நடக்கும். கண்டியில் இருக்கிற நமக்கு அந்தக் கணக்கு சரிவராது என்பதுதான் எங்கள் அனுபவம்.

காலை 10 மணிக்குப் பிளேன் என்று வைத்துக்கொள்வோம். 7 மணிக்கு எயார்போட்டில் நிற்க வேண்டும். கண்டியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கடுகண்ணாவை வளைவு, மாவனெல்லை, கேகாலை தாண்டிப் போக மூன்று மணித்தியாலமாவது கையில் வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் சொல்லவே வேண்டாம். ஆக, விடியச்சாமம் 3 மணிக்கு வேன் ஏறணும். தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் அன்றைக்குத் தூங்கவே மாட்டார்கள். பலாலியில் 2019இல் சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் கண்டிக்காரருக்கு அது கட்டுநாயக்கவைவிட எவ்வளவோ தூரம்.

இவ்வளவு பாடுபட்டுப் போய் நின்றால், "ஃப்ளைட் லேட்."

குறுகிய தூரத்தில் ஒரே பிளேன் ஒரு நாளில் பல தடவை போய்வரும். காலையில் ஒரு இடத்தில் தாமதமானால் அது அடுத்தடுத்த பயணங்களுக்கும் தொற்றிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் அடைமழை. போகி அன்று அதிகாலையில் பழையதைக் கொளுத்துகிற புகையும் பனியும் சேர்ந்து அங்கே விமானங்கள் தடைப்பட்ட வருடங்கள் உண்டு. வானிலைக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் கோபம் சொல்லாமல் இருப்பதில்தான்.

எங்களில் ஒருவர் தாய்மாமனின் சாவுக்குத் திருச்சிக்குக் கிளம்பினார். நிட்டம்புவையைத் தாண்டும்போதுதான் தாமதம் என்று மெசேஜ் வந்தது. ஐந்து மணித்தியாலம் கழித்துப் பிளேன் ஏறி, வீடு போய்ச் சேரும்போது எடுத்துவிட்டார்கள். கடைசியாக முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இது ஒரு வீட்டுக் கதையில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தார்கள். மலையகத்தில் பாதிக் குடும்பம் இங்கே, பாதி அங்கே என்று ஆனது அப்படித்தான். தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பலும் 1984இல் நின்றுபோனது. நல்லது கெட்டதுக்கு நேரத்தோடு போய்ச் சேர இப்போது இந்தப் பிளேன்தான் இருக்கிறது. அதை உல்லாசப் பயணமாக மட்டும் பார்க்காதீர்கள்.

விமான நிறுவனங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். தாமதம் என்று தெரிந்த நிமிஷமே சொல்லுங்கள். கொழும்பில் இருப்பவர் இரண்டு மணித்தியாலத்துக்கு முன் தெரிந்தாலும் வீட்டிலேயே இருப்பார். நாம் அதற்குள் பாதி வழி வந்திருப்போம்.

நாமும் சிலதைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். முடிந்தால் நாளின் முதல் பிளேனைப் பிடியுங்கள். இறங்கிய அன்றைக்கே வேறு டிக்கட்டில் இன்னொரு பிளேனோ ரயிலோ போடாதீர்கள், முதலாவது பிந்தினால் மற்றதன் காசு போய்விடும். திரும்பி வரும்போது இரவில் இறங்கினால் கண்டிக்கு எப்படி வருவது என்று முதலிலேயே பேசி வையுங்கள். குறுகிய பயணம் 2 மணித்தியாலத்துக்கு மேல் தாமதமானால் இந்திய நிறுவனங்கள் சாப்பாடு, குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. வெட்கப்படாமல் கேளுங்கள். தாமதத்தால் வந்த நட்டத்துக்கு நிறுவனம் பொறுப்பு என்று சொல்லும் மொன்ட்ரியல் உடன்படிக்கையில் இலங்கையும் இந்தியாவும் சேர்ந்திருக்கின்றன. அதனால் பில்களைப் பத்திரமாக வையுங்கள், தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்த முறை வீட்டில் யாராவது "ஒரு மணித்தியாலம்தானே" என்றால், முழு நாளை ஒதுக்கச் சொல்லுங்கள். சாவு வீடு என்றால், எடுக்கிற நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கும்படி அங்கே இருப்பவர்களிடமும் சொல்லுங்கள்.